கொலுசு போட்டு வேகவைத்த காளான்

ஷா ஆலம் ஆய்வுக்கூடத்தில், வித்துத் தூளின் நிறம் பார்க்க நேற்று வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்த சின்னப் பழுப்புக் காளானை எடுத்தேன். ஈரமண் வாசனை என்னைக் கிள்ளான் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனது.

எனக்கு எட்டு வயது. அப்பா வாழையடியில் பறித்துவந்த காளானை அம்மா என் வெள்ளிக் கொலுசோடு வேகவைத்தார். கொலுசு கறுத்தால் விஷமாம். கறுக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்லா!" என்றார் அப்பா.

"அப்ப நீங்க மொதல்ல சாப்பிடுங்க. அரைமணி நேரம் பாத்துட்டு நாங்க சாப்பிடுறோம்," என்றார் அம்மா.

அப்பா தட்டையே பார்த்தார். "இன்னைக்கு நான் விரதம்."

"காலையில கோழி சாப்பிட்டீங்களே!"

காளான் குப்பைக்குப் போனது.

இப்போது தாளில் துருநிற வித்துத் தூள் படிந்திருந்தது. விஷக் காளானுக்கும் அதன் விஷமில்லாத உறவுக்கும் அதே நிறம்தான்.

"இது சாப்பிடுறதுதான் அக்கா, பந்திங் சந்தையில பாத்திருக்கேன்," என்றாள் பக்கத்து மேசை மாலதி.

"நீ மொதல்ல சாப்பிடு."

அவளும் விரதமாம்.