கடைசி அத்தியாயம் இல்லாத நாவல்

எண்பதுகளில், ராஜபாளையம் பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு துப்பறியும் நாவல் எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டேன். பக்கங்களைச் சரிபார்க்க அச்சகத்தார் கூப்பிட்டபோது, "நான் எழுதியதில் தப்பு இருக்குமா?" என்று மிதப்பாகச் சொல்லிவிட்டேன். புத்தகம் வந்ததும் பின் அட்டையில் இருந்த என் புகைப்படத்தைத்தான் பத்து முறை பார்த்தேன். உள்ளே திருப்பவே இல்லை.

ஒரு வாரம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் புத்தகமும் கையுமாக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கொன்னது யாருங்க? ரெண்டு நாளா யாவாரத்துல மனசே ஓட மாட்டேங்குது!"

வாங்கிப் புரட்டினால் கடைசி அத்தியாயத்தையே காணோம்! பைண்டிங்கில் விட்டுப்போயிருந்தது. விற்றதெல்லாம் திரும்பி வரப்போகிறது, மானம் போகப்போகிறது என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவரை உட்காரவைத்து முடிவைச் சொன்னேன்.

"அட, இம்புட்டுத்தானா? அது இல்லாமலே புத்தகம் நல்லாத்தான இருக்கு. சேர்த்துக் கெடுத்துராதீங்க!" என்றவர், நண்பர்களுக்கென்று இன்னும் இரண்டு பிரதிகள் வாங்கிப் போனார். என் மனைவி சிரித்து அடங்க அரை மணி நேரமானது.

அதிலிருந்து எதை எழுதினாலும், கடைசி அத்தியாயத்தை எடுத்துவைத்துக்கொண்டு மீதியை முதலில் அவரிடம் கொடுக்கிறேன். முடிவைக் கேட்டு அவர் தேடி வந்தால்தான் அச்சகத்துக்குப் போவது என்று வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று நாவல்கள் கொடுத்தாயிற்று. வழியில் பார்த்தால் மனிதர் வணக்கம் மட்டும் சொல்கிறார்.