பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை மாற்றிய வாரம்

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். அப்போதுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் கூரையை மாற்றினார்கள். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற கட்டடம் அது. நானும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். சறுக்கி விழுந்து இடுப்பு பிசகி, கூடை சுமக்க முடியாமல் போனதால் என்னைப் பிள்ளை பார்க்கிற வேலையில் போட்டிருந்தார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பதினைந்து பதினாறு பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான்.

கட்டடம் ஒரே நீண்ட அறை. சுவருக்குச் சுவர் போட்ட உத்திரங்களில் கயிறு கட்டி, அதில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒரு மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு. பின்னால் விறகு வைக்க ஒரு சின்ன அறை. முன்னால் இஸ்தோப்பு என்கிற திறந்த திண்ணை. மேலே இருந்த தகரம் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. பெருமழை பிடித்தால் தகரத்தின் இரைச்சலில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீரிட்டு எழும்பும். என் குரல் எனக்கே கேட்காது. ஒழுக்கு விழாத இடமாகத் தேடித் தேடித் தொட்டிலை மாற்றிக் கட்டுவேன். அந்தக் குளிரில் பிள்ளைகளுக்குச் சளி விட்டதே இல்லை. தோட்டத்து டாக்டர் வந்து பார்த்து எழுதிப் போட்ட பிறகுதான் மேனேஜர் பெரிய தொரை புதுக்கூரைக்குச் சம்மதித்தார்.

அஸ்பெஸ்டஸ் சீட்டுகள் நானுஓயா வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வைக்கோல் சுற்றி லொறியில் வந்தன. சாம்பல் நிறத்தில், அலை அலையாக, தொட்டால் கல் மாதிரிச் சில்லென்றிருந்தன. அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. கல் தகரம் என்றோம். துருப்பிடிக்காது, நெருப்புப் பிடிக்காது, மழைச்சத்தம் கேட்காது, வெயிலுக்குக் கொதிக்காது என்று கண்டாக்கையா, காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் சொன்னார். அவர்தான் வேலை பிரிப்பவர். எங்களுக்கும் சந்தோஷம்தான். தொரை பங்களாவுக்குப் போடுகிற சாமானை எங்கள் பிள்ளைகளுக்கும் போடுகிறார்களே என்று பெண்கள் வந்து வந்து தடவிப் பார்த்தார்கள்.

வேலைக்கு வந்தவர் வலப்பனைப் பக்கத்துச் சிங்கள பாஸ். மலைநாட்டில் தச்சர், மேசன் எல்லாரையும் பாஸ் என்றுதான் சொல்வோம். இவர் நாற்பது வயதைத் தாண்டியவர். தமிழ் பேசுவார். அவருக்கு உதவியாக நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையின் கோடிக் காம்பராவில் இருந்த ஒருவரைக் கொடுத்திருந்தார்கள். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். மெலிந்த ஆள், மரம் ஏறுவதில் கெட்டிக்காரர்.

பிள்ளைகளை வேறு எங்காவது வைத்துவிட்டுத்தான் கூரையைப் பிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கண்டாக்கையா அப்படிச் செய்யவில்லை. ஒரு பாதியைப் பிரித்துப் போட்டுவிட்டு, பிறகு மறு பாதி. பிள்ளைகள் வேலை நடக்காத பாதியில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

முதல் நாளே தொல்லை தொடங்கிவிட்டது. மழை விடாமல் தூறியதால் பாஸ் சீட்டுகளை இஸ்தோப்பில் வைத்தே அறுத்தார். கைவாளை இழுக்க இழுக்க வெள்ளைத் தூள் மாவு மாதிரிக் கிளம்பியது. காற்று உள்ளே வீச, அது அப்படியே தொட்டில்களின் மேல் படிந்தது. பிள்ளைகளின் தலைமயிர் நரைத்தது போலானது. பால் சட்டியை எத்தனை தடவை மூடினாலும் மேலே ஒரு பொருக்கு. துடைப்பத்தால் கூட்டினால் இன்னும் மோசம். பிள்ளைகள் ஒன்று மாற்றி ஒன்று இருமின. சாக்கை நனைத்துப் போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"பாஸ், உள்ள பிள்ளைங்க இருக்காங்க. கொஞ்சம் தள்ளி வச்சு அறுக்கக் கூடாதா?"

"எங்க தள்ள நங்கி? வெளிய மழை. சீட் நனைஞ்சா வாள் ஓட மாட்டேங்குது." தங்கச்சியைச் சிங்களத்தில் நங்கி என்பார்கள். அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

"பால்லயெல்லாம் தூள் விழுது."

"சுண்ணாம்பு மாதிரித்தான். ஒண்ணும் செய்யாது. யுத்த நேரம் ஆமி கேம்புக்கெல்லாம் இந்த சீட்தான் போட்டேன். எனக்கு என்ன ஆச்சு?" என்று கையிலிருந்த தூளை ஊதிவிட்டுச் சிரித்தார். அவர் இமையெல்லாம் வெள்ளையாக இருந்தது. நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்.

அடுத்த நாள் காலை பெரட்டுக்களத்தில் கண்டாக்கையாவிடம் போய் நின்றேன்.

"ஐயா, வேல முடியிற வரைக்கும் பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துல வச்சுக்கிறேனுங்க. அங்க பின்பக்கம் சும்மாதானே கெடக்கு."

"பள்ளிக்கூடம் படிக்கிறதுக்கு. மூத்திரம் பேய வைக்கிறதுக்கா?"

"தூள் தாங்க முடியலைங்க. மேல வேற ஆளுங்க நடக்கிறாங்க. பயமா இருக்குங்க."

எல்லாப் பெண்களும் கூடையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. "பயமா இருந்தா வீட்ல இரு. பேர வெட்டிட்டு வேற ஆளப் போடுறேன். ஆளா இல்ல?"

நான் பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பினேன். எங்களுக்கு வோட்டும் போய், இந்த நாட்டு ஆளா அந்த நாட்டு ஆளா என்று யாருக்கும் தெரியாமல் இருந்த காலம் அது. பேரை வெட்டினால் குடியிருக்கிற காம்பராவும் போகும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவது? இருந்தாலும் அன்று மத்தியானம் கண்டாக்கையா பிள்ளைக்காம்பராப் பக்கம் வந்தபோது மறுபடியும் கேட்டேன். பாஸும் அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் மிச்ச சீட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் பாதி முடிந்தது. தொட்டில்களைப் புதுக்கூரைக்குக் கீழே மாற்றிக் கட்டினேன். மறு பாதியில் தகரத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். பாஸ் அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொல்வது உள்ளே கேட்கும்: "மல்லி, நடு சீட்ல கால் வைக்காதே. ஆணி அடிச்ச கோட்டு மேல மட்டும் நட. பலகை போட்டு நட. இது தகரம் இல்லை, வளையாது. ஒடையும்." அண்ணனும் சரி பாஸ், சரி பாஸ் என்பார். தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்பார்கள்.

ஒரு நாள் காலையிலிருந்தே காற்று. பனியும் தூறலும் கலந்து, எதிரே இருந்த லயம்கூடத் தெரியவில்லை. தகரம் கழற்றிய பக்கம் திறந்து கிடந்ததால் பிள்ளைகளை இன்னும் உள்ளே தள்ளி, நெருக்கமாகப் போட்டிருந்தேன். தவழ்கிற பிள்ளைகளுக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தேன். மேலே யாரோ நடக்கிற சத்தம். பலகையில் கால் படுகிற சத்தத்துக்கும் சீட்டில் படுகிற சத்தத்துக்கும் அதற்குள் எனக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. கேட்டது பலகைச் சத்தம் இல்லை. காற்றில் பறந்த தார்ப்பாய்ப் படங்கைப் பிடிக்க அண்ணன் புதுக்கூரை மேல் ஓடியிருக்கிறார். அது பிறகு தெரிந்தது.

கருவாட்டு முள் ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான். நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் ஒரு கீறல். அதன் வழியே வெளிச்சமும் தூளும் நூல் மாதிரி இறங்கின. அடுத்த நொடி சீட்டைப் பொத்துக்கொண்டு ஒரு கால் தொடை வரைக்கும் உள்ளே வந்தது. கால் வழியே இரத்தம் சொட்டியது. நேர் கீழே ஒரு தொட்டில்.

"தங்கச்சி! பிள்ளைங்கள எடு! பிள்ளைங்கள எடு!"

"மல்லி, அசையாதே! அப்பிடியே படு!" என்று பாஸ் கத்தினார். அவர் பலகையை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

தொட்டில் முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. துணியை விலக்கி அந்தப் பிள்ளையை அள்ளி எடுத்து விறகு அறையில் சாக்கின் மேல் போட்டேன். ஓடிவந்து அடுத்ததை எடுத்தேன். பிசகிய இடுப்பு சுள்ளென்றது. மேலே சீட்டு நறநறவென்று முனகிக்கொண்டே இருந்தது. ஒரு துண்டு என் தோளில் விழுந்தது. தவழ்கிற பிள்ளைகள் பயத்தில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர்களையும் இழுத்துக்கொண்டே நடந்தேன். இரண்டு, மூன்று என்று தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கால் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

தொங்கிய காலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தொட்டில்தான் மிச்சம். அதை நோக்கி ஓடினேன். அதற்குள் சீட்டு முழுதாக விட்டுவிட்டது.

அண்ணன் விழும்போது ஒரு கையால் உத்திரத்தைப் பிடித்தார். கை வழுக்கியது. ஆனால் அந்தப் பிடியில் உடம்பைத் திருப்பிக்கொண்டார். இல்லாவிட்டால் அந்தத் தொட்டிலின் மேல்தான் விழுந்திருப்பார். அடுப்புத் திண்டின் விளிம்பில் போய் விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அறை முழுக்கத் தூள். தொட்டிலைத் தடவிக் கண்டுபிடித்து உள்ளே கையை விட்டேன். பிள்ளை அழவில்லை. வெளியே தூக்கிக்கொண்டு ஓடி, வாயில் இருந்த தூளை விரலால் வழித்தெடுத்த பிறகுதான் அது இருமி, வீரிட்டு அழுதது. நெற்றியில் சீட்டுத் துண்டு கிழித்த வெட்டு.

சத்தம் கேட்டு மலையிலிருந்து பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். எந்தப் பிள்ளை யாருடையது என்று தெரியாதபடி எல்லாம் வெள்ளையாக இருந்தன. குரலை வைத்துத்தான் அவரவர் பிள்ளையை அடையாளம் கண்டு எடுத்தார்கள். அண்ணனைப் பலகையில் படுக்க வைத்து, கொழுந்து லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அவர் சம்சாரம் அழக்கூட இல்லை. லொறியின் பின்னால் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டாக்கையா வந்ததும் முதலில் சொன்னது, "சரி சரி, மலைக்குப் போங்க. எடுத்த கொழுந்து வாடுது" என்பதுதான்.

நெற்றியில் வெட்டுப்பட்ட பிள்ளையின் தாய் நகரவில்லை. "பிள்ளைய எங்க வைக்கிறதுன்னு சொல்லுங்கய்யா. வச்சிட்டுப் போறோம்."

"இங்கதான்."

"அப்ப நாங்களும் இங்கதான்" என்று அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஈரத்தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அந்த அமைதிதான் கண்டாக்கையாவைக் கலங்கடித்தது.

பெரிய தொரை ஜீப்பில் வந்தார். உடைந்த கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மேலே வேலை நடக்குது, கீழே பிள்ளை. யார் சொன்னது?"

நான் வாய் திறக்கும் முன் கண்டாக்கையா சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகச் சொன்னேன் சார். இவதான் சோம்பேறித்தனமா இங்கயே வச்சுக்கிட்டா."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அம்மாவை நினைத்தேன். பேசாமல் தலையைக் குனிந்தால் திட்டோடு போகும் என்று ஒரு நினைப்பு. கையில் இருந்த பிள்ளை இருமியது.

"இல்லைங்க தொர. நான்தான் பள்ளிக்கூடத்தக் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். பேர வெட்டுவேன்னாருங்க."

"பொய் சார்!"

தொரை யாரை நம்புவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது பாஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். தோட்டத்து வேலை போனால் அவருக்கும் கஷ்டம்தான். தொரையின் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிங்களத்தில் பேசினார். நங்கி கேட்டது உண்மை, இரண்டாம் தடவை கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன், கூரையிலிருந்து விழுந்தவனும் காதால் கேட்டான், ஆஸ்பத்திரியில் போய் விசாரியுங்கள் என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

தொரை கண்டாக்கையாவை எதுவும் கேட்கவில்லை. "பிள்ளை எல்லாம் ஸ்கூல். இப்போ. சீட் அறுக்கிறது பேக்டரி பின்னாலே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். கண்டாக்கையாவுக்கு வேலை போகவில்லை. அடுத்த ஒரு வருடம் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "ஏய், தொரைகிட்ட பேசுறவ" என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொரு காலையும் இன்றைக்குப் பேரை வெட்டுவாரோ என்று பயந்துகொண்டே பெரட்டுக்குப் போனேன். பிறகு அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார்.

அண்ணனுக்குக் கால் கூடியது. ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது. மரம் ஏறிய மனிதருக்குப் பேக்டரியில் காவல் வேலை கொடுத்தார்கள். நெற்றியில் வெட்டுப்பட்ட பிள்ளை பள்ளிக்கூடம் போய், பிறகு ஹட்டனில் ஒரு கடையில் சேர்ந்தான்.

கூரை நல்ல கூரைதான். ஒழுகவில்லை, மழையில் பிள்ளைகள் தூங்கின. உடைந்த துண்டுகளை ஆளாளுக்கு எடுத்துப் போனோம். கோழிக்கூட்டுக்கு மேலே போட்டார்கள், கீரைப் பாத்திக்குக் கரை வைத்தார்கள். தீப்பிடிக்காது என்று சொன்னார்களே என்று ஒருத்தி அடுப்புக்கு அடியில் வைத்தாள். சூடேறியதும் அது வெடி மாதிரி வெடித்துக் குழம்புச்சட்டி சிதறியது. தூளைக் குழைத்துத் தரைக் குழிகளை அடைத்தோம். அந்தத் தூளில் இருக்கிற நார் நெஞ்சுக்குள்ளே போனால் வெளியே வராது என்று சொல்ல அப்போது எங்கள் பக்கம் யாரும் இல்லை. நானே வயதான பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

பாஸ் அதற்குப் பிறகும் பல தோட்டங்களுக்குக் கூரை போட்டார். அறுபதுகளின் நடுவில் ஒருநாள் வலப்பனைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்தபடி என் மகள். அவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தார். சந்தைப் படியில் ஒரு படி ஏறி, நின்று, வாயால் மூச்சு வாங்கி, அடுத்த படி ஏறினார்.

"என்ன பாஸ், உடம்புக்கு?"

"இளைப்பு நங்கி. டி.பி.ன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரில வச்சு சோதிச்சாங்க. டி.பி. இல்லையாம். என்னன்னு அவங்களுக்கும் தெரியல." பேசி முடிக்கவே அவர் இரண்டு தடவை நின்றார். "வாள் இழுக்க ஏலாது இப்போ. மகன்தான் போறான் கூரை வேலைக்கு."

அவர் வாங்கியிருந்த அரிசிப் பையை நான் தூக்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மூச்சு வரவில்லை. கையை மட்டும் ஆட்டினார். பஸ் நிற்கிற இடம் வரை, அவர் நின்ற இடத்திலெல்லாம் நானும் மகளும் நின்று நின்று போனோம்.