அக்கா எடுத்த பழம்பொரி

புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, அக்கா அத்தானோடு நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கு ஓய்வெடுக்க வந்திருந்தாள். எல்லோரும் அவளிடம் மெல்லப் பேசினோம். அவள் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைத்துச் சிரித்தவள் அவள்.

நான் ரெசின் என்னும் பிசினை அச்சில் ஊற்றி உறையவைத்துக் கம்மலும் சாவி வளையமும் செய்து விற்பவள். அம்மா நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துச் சுட்ட பழம்பொரி ஒன்றை வைத்து அச்செடுத்து, ரெசின் ஊற்றினேன். முதலில் வந்தது சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. எண்ணெயில் சிவந்த ஓரத்தின் நிறம் அப்படியே வரும்வரை நான் விடவில்லை.

ஒரு மாலை, சூடான பழம்பொரிகளுக்கு நடுவே அதை வைத்துத் தட்டை நீட்டினேன். அக்கா அதையே எடுத்தாள். பிய்த்துப் பார்த்தாள், முடியவில்லை. தட்டில் தட்டினாள். ‘டக்’ என்றது.

“ஏட்டி, சீக்காளிகிட்டயா வெளாடுத?” என்று அம்மா பதறினாள்.

அக்கா என்னை முறைத்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“எல்லாரும் என்னப் பாத்து பாவம் பாவம்னே இருந்திய. ஏமாத்தணும்னு ஒனக்குத்தான்டி தோணிச்சு! ஒனக்க அத்தான் முன்னறையிலதான இருக்காரு? அவருக்கும் இதையே வைப்போம். சிரிச்சுக் காட்டிக் குடுத்திராத, என்ன?”

தட்டைத் தூக்கிக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள்.

என் கம்மல்களைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். ஆனால், அத்தான் அந்தப் பழம்பொரியோடு மல்லுக்கட்டியதையும், அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றதையும் பார்த்தபோது வந்த பெருமை வேறு. நோயில் கிடந்தவளுக்கு அன்பு காட்ட நிறையப் பேர் இருந்தோம். விளையாடத்தான் ஆளில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.