லாயத்தின் சீனியர்

"நாத்தனாரே, காலைக் கொஞ்சம் தூக்குங்க. தினம் தினம் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடணுமா?"

பழுப்பு நிறப் பெண்குதிரை கழுத்தைத் திருப்பி, ஏற இறங்க ஒரு பார்வை பார்க்கிறது. பிறகு, போனால் போகிறது என்பதுபோல் பின்னங்காலைத் தூக்கிக் கொடுக்கிறது. சீனியர் அந்தக் குளம்பைத் தொடைமேல் தாங்கிக்கொண்டு, வளைந்த கம்பியால் சேற்றையும் கல்லையும் நோண்டி எடுக்கிறார்.

"பாத்தீங்கல்ல அந்தப் பார்வைய? எங்க வீட்டுக்காரரோட அக்கா இப்படித்தான் பாப்பாங்க, நான் கல்யாணமாகி வந்த புதுசுல. அதான் அந்தப் பேரு."

கதவில் பித்தளைத் தகட்டில் அந்தக் குதிரைக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருக்கிறது. இப்போது அதை யாரும் சொல்வதில்லை. அடுத்த அறையில் இருக்கும் வெள்ளைக் குதிரைக்குப் பெயர் மாப்பிள்ளை. தீனி வரக் கொஞ்சம் தாமதமானாலும் கதவை உதைத்து ஊரைக் கூட்டிவிடுவார்.

சீனியர் என்பதும் லாயம் வைத்த பெயர்தான். அங்கே வேலைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர். வயதில் எல்லோருக்கும் மூத்தவர். நாற்பத்தேழு முடிந்துவிட்டது. அவருக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கும் கோச்சுக்கு இருபத்தாறு. சீனியர் எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்காரர் என்பதால், இந்தக் கதையை முதலிலிருந்தே பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு.

ஆரம்பித்து வைத்தது அவருடைய மகள். பள்ளி விடுமுறையில் குதிரையேற்றம் கற்றே தீருவேன் என்று அடம் பிடித்துச் சேர்ந்தவள், மூன்றே வகுப்பில், "இடுப்பு வலிக்குது, எனக்கு டேபிள் டென்னிஸ் போதும்" என்று கழன்றுகொண்டாள். கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள். "அப்ப மிச்ச கிளாஸுக்கு நான் ஏறிக்கறேன்" என்று அம்மா ஏறிவிட்டார். ஏறியவருக்கு இறங்க மனம் வரவில்லை.

வகுப்புகள் முடிந்த அன்று, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. காலையில் லாய வேலை பார்த்தால் அதற்கு ஈடாகச் சவாரிப் பயிற்சி. 'வொர்க்கிங் ஸ்டூடண்ட்' ஒருவர் தேவை. அதைப் படித்துவிட்டு நேரே கோச்சிடம் போய் நின்றார்.

"உங்க பொண்ணுக்கா மேடம்? மறுபடி வர்றாளா?"

"இல்லீங்க. எனக்குத்தான்."

கோச் சிரித்தாராம். இவர் சிரிக்கவில்லையாம். "குதிரை லத்தி அள்ளணும், தண்ணி தூக்கணும், மழையானாலும் விடியக்காலையில வரணும். காலேஜ் பசங்களே ஒரு மாசத்துல ஓடிப்போயிடறாங்க" என்று கோச் சொல்ல, "ரெண்டு புள்ளைங்களுக்குப் பீத்துணி அலசி வளத்தவ நான். லத்தி எல்லாம் எனக்கு ஒரு விஷயமா?" என்று கேட்டுவிட்டு, மூலையில் இருந்த மண்வாரியைக் கையில் எடுத்துக்கொண்டார். வேலை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

வெளிச்சம் வருவதற்கு முன்பே ரப்பர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் படி இறங்குவார். ஆறு அறைகளையும் சுத்தம் செய்து புது மரத்தூள் பரப்ப வேண்டும். வாளிகளைக் கழுவி நிரப்ப வேண்டும். சேணத்தின் தோல் காயாமல் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் அவருடைய சவாரி. மதியத்துக்குமேல் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கும் வேலை. அது பழைய வேலை, இன்னும் விடவில்லை. "காலையில குதிரை உதைக்கும், சாயங்காலம் கஸ்டமர் உதைப்பாங்க. குதிரைக்காவது காரணம் இருக்கும்" என்பார்.

வீட்டில் வரவேற்பு சுமார்தான். "அம்மா, நீ பக்கத்துல வந்தா லாயமே எழுந்து வருது" என்று மகள் மூக்கைப் பொத்துவாள். கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக், அதிகம் பேசமாட்டார். மனைவி நொண்டிக்கொண்டு வந்த முதல் வாரம் மட்டும், "பாத்து. இந்த மாடலுக்கு இப்ப ஸ்பேர் வர்றதில்ல" என்றார்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, நான்காம் மாதம் அது நடந்தது. சீனியர் நாத்தனார்மேல் ஓட்டநடையில் போய்க்கொண்டிருந்தபோது வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் பை படபடத்தது. "குதிரை நின்னுடுச்சு, நான் நிக்கல. அவ்வளவுதான்" என்று கட்டுப் போட்ட மணிக்கட்டைக் காட்டி என்னிடம் சிரித்தார். மறுநாள் லாயத்துக்கும் போய்விட்டார். வீட்டுக்குப் போகச் சொன்ன கோச்சிடம், "கைக்குத்தான் லீவு. காலும் வாயும் டியூட்டில இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒற்றைக் கையால் முற்றத்தைப் பெருக்கினார்.

கட்டு பிரித்த பிறகுதான் நிஜமான சங்கடம். பயம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் மாடிப்படியில் நின்று, வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில் சொன்னார்: "கீழ நிக்கறப்ப அவ என் நாத்தனார். மேல ஏறினா யாரோ முன்னபின்ன தெரியாதவ மாதிரி ஆயிடறா. இத வீட்டுல சொல்லிடாதீங்க."

கோச்சும் கவனித்திருந்தார். வொர்க்கிங் ஸ்டூடண்ட் என்றால் பெருக்கினால் மட்டும் போதாது. குதிரைகளைத் தினமும் ஓட்டிப் பழக்கவும் வேண்டும். அதற்குக் கேன்டர் வர வேண்டும். பாய்ச்சலுக்கு ஒரு படி கீழே, அலைமேல் ஏறி இறங்குவது மாதிரியான ஓட்டம் அது. காலேஜ் பையன் ஒருவன் அந்த இடத்துக்கு மனுப் போட்டுக் காத்திருந்தான். "உங்கள அனுப்ப எனக்கு மனசில்ல சீனியர். ஆனா குதிரைங்க சும்மா நிக்கக் கூடாது. சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மகளும் வந்தாள், நானும் போனேன். கணவர் "வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் போய் வேலியோரம் நின்றிருந்தார்.

நடை சரியாக வந்தது. ஓட்டநடையும் வந்தது. கேன்டர் என்று கோச் குரல் கொடுத்ததும் சீனியரின் உதடுகள் ஒட்டிக்கொண்டன, கன்னம் உப்பியது, தோள் காதைத் தொட்டது. நாத்தனார் நாலு எட்டு வைத்து நின்றுவிட்டாள். மறுபடி முயன்றார்; மறுபடி நின்றாள்.

"மூச்சு விடுங்க!"

"விடறேன்!"

"விடல! பேசுங்க சீனியர், எதையாவது பேசுங்க! கீழ நின்னா வாய் ஓயறதில்ல, மேல போனா மட்டும் என்ன மௌன விரதம்?"

என்ன பேசுவது என்று அவருக்கு அந்த நேரத்தில் ஓடவில்லை போலிருக்கிறது. வாய் பழக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது.

"வணக்கம், எங்கள் சேவை மையத்தை அழைத்தமைக்கு நன்றி! நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

நாத்தனாரின் காது பின்னால் திரும்பியது.

"மெஷின் ஆடுதுங்களா சார்? ரொம்ப ஆடுதா? பதட்டப்படாதீங்க... அடியில லெவல் சரியா இருக்காது... ஆடட்டும் சார்... கொஞ்ச நேரத்துல தானா செட்டாயிடும்..."

தோள் இறங்கியது. முழங்கால் தளர்ந்தது. குதிரை ஒரு முறை எம்பி, மிதந்து போக ஆரம்பித்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. "டெக்னீஷியன் வர்ற வரைக்கும் லைன்லயே இருங்க சார்!" என்று அலறிக்கொண்டே மூன்றாவதும் போனார். கோச் மைதானத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த மகள் கையைத் தாழ்த்தி, வாயைப் பிளந்துகொண்டு அம்மாவையே பார்த்தாள். கணவர் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

சீனியர் இறங்கினார். நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"அந்தப் பையனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார் கோச், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திங்கக்கிழமையிலேர்ந்து மாப்பிள்ளையயும் நீங்கதான் பழக்கணும்."

"ஐயோ கோச், மாப்பிள்ளைய எப்படிங்க நான் அதட்டுவேன்?"

போன வாரம் ஒரு காரியமாக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒடுங்கிய சமையலறை. கணவர் நடுவில் முக்காலி போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மிக்ஸி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். சீனியர் கொதிக்கும் பாத்திரத்தோடு அவருக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது. குதிரையின் பின்புறமாகக் கடக்கும்போது, அது மிரளாமல் இருக்க, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் தடவிக்கொண்டே சுற்றிப் போவார்கள். சீனியர் பாத்திரத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டார். மற்றொரு கையைக் கணவரின் ஒரு தோளில் வைத்து, முதுகு வழியாக மறு தோள் வரைக்கும் மெல்லத் தடவிக்கொண்டே, "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று முணுமுணுத்தபடி கடந்துபோனார்.

கணவர் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முக்காலியை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார்.