மகளால் வாசிக்க முடியாத போத்தல்

பள்ளிக்கூடம் போனால் மார்க்கம் கெட்டுவிடும் என்று என் மூத்த மகளை வீட்டிலேயே வைத்து ஓதிக்கொடுத்தேன். எட்டு வயதில் குர்ஆனை ஓதி முடித்தாள். எங்கள் ஊர் பல்லேபொல முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன், மடையன்!

ஒருநாள் மாத்தளை டிஸ்பென்சரியில் சின்ன மகனுக்கு இருமல் மருந்தும், என் முழங்காலுக்குத் தைலமும் வாங்கிவந்தேன். இரண்டும் ஒரே மாதிரிப் போத்தல். மனைவி காய்ச்சலில் படுத்திருந்ததால், மறுநாள் காலை மகள்தான் தம்பிக்கு மருந்து கொடுத்தாள். கொடுத்தது தைலம். அவன் கதறிக்கொண்டு துப்பியதால் பிழைத்தான். வாயெல்லாம் வெந்துபோனது.

போத்தலோடு இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அதே டிஸ்பென்சரிக்குப் பஸ் ஏறினேன். கம்பவுண்டர் போத்தலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"குடிக்கக் கூடாதுன்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி ஒட்டியிருக்கேனே! வாசிக்கத் தெரியாதா?"

மகள் என்னைப் பார்த்து அழுதாள். "எனக்கு அரபு எழுத்து மட்டுந்தானே வாப்பா சொல்லித் தந்தீங்க?"

இப்போது அவள் விடியலில் ஓதிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். மார்க்கம் எங்கேயும் ஓடிவிடவில்லை. பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று என் மிளகுக் கடைக்கு வந்து புத்தி சொல்பவர்களிடம் அந்தத் தைலப் போத்தலை எடுத்து நீட்டுகிறேன்.

"ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க."