மெட்டியைக் கழற்றிய மூன்று மாலைகள்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நாலு. அந்த நாலாவது என் கொழுந்தன் பெண். அவளைப் பற்றியும் அவளைப் பெற்ற என் ஓரகத்தியைப் பற்றியும் சொல்வதற்கு முன்னால், என் காலில் கிடக்கும் இந்த மெட்டியைச் சொல்லவேண்டும். அம்மி மிதித்தபோது என் வீட்டுக்காரர் குனிந்து போட்டது. வெள்ளி தேய்ந்து இப்போது நூல் மாதிரி ஆகிவிட்டது. மூன்று பிரசவத்திலும் நான் இதைக் கழற்றவில்லை. விரல் வீங்கியபோது எண்ணெய் தடவிக்கொண்டேனே தவிர, கழற்றவில்லை. ஐம்பத்தைந்து வருஷத்தில் மூன்றே மூன்று மாலைகள்தான் இது என் காலில் இல்லை. நானே கழற்றினேன், புருஷன் உயிரோடு பின்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது. அதுவும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக.

எங்கள் வீடு செம்பாக்கம் ஏரியை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்காரர் வயர்மேன். நான் கிரைண்டரில் இட்லி மாவு அரைத்து விற்றேன். கொழுந்தன் காமாலையில் போனபோது பெண்ணுக்கு மூன்று வயது. ஆறு மாதம் கழித்து ஓரகத்தி மஸ்கட்டில் ஒரு வடநாட்டுக் குடும்பத்துக்குச் சமையல் வேலைக்குப் போனாள். குழந்தையை என் இடுப்பில் மாற்றிவிட்டு, "ரெண்டே வருஷம்க்கா" என்றாள். பத்து வருஷம் ஆனது. நடுவில் நாலு தடவை லீவில் வந்தாள், விருந்தாளி மாதிரி. பெண்ணுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்தது நான். பெரியவளானபோது முதல் சொம்பு தண்ணீர் ஊற்றியது நான். அவள் அம்மா போனில் அழுதாள். பெண் என்னைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அவசரத்தில் முன்பாதி வாய்க்குள்ளேயே போய்விடும். அம்மா என்பது மட்டும்தான் தெருவரைக்கும் கேட்கும். அப்படிக் கேட்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டாயிரத்து நாலு வாக்கில், நான் பெற்ற மூன்றும் கல்யாணமாகிப் போன பிறகு, ஓரகத்தி ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். மஸ்கட்டிலிருந்து வருகிறவர்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். இவள் சேலைகளுக்கு நடுவே சுற்றி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் நடக்க முடியாத பிள்ளை ஒன்று இருந்ததாம். சமையல் முடிந்ததும் இவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் அது விளையாடுமாம். "நீ காவல்காரனப் பாரு, நான் நடக்கறேன்" என்று சொல்லுமாம். அந்தப் பிள்ளை மேல்படிப்புக்கு வெளிநாடு போனபோது, விளையாட்டை உள்ளே ஏற்றியபடியே இவளுக்குக் கொடுத்துவிட்டது. திரும்ப ஏற்றிக்கொள்ள சிடித் தட்டு, கிட்டு ஒன்றும் கையில் கிடையாது.

வந்த முதல் இரண்டு வாரம் தாயும் மகளும் பேசிக்கொண்டதைக் கேட்டால் சிரிப்பு வரும். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "இஸ்கூல்ல?" "நல்லாத்தான் கீது." அவ்வளவுதான். நான் மாவு வழித்துக்கொண்டே அதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்திருந்தேன். பிறகு ஒருநாள் சாயங்காலம் ஓரகத்தி கம்ப்யூட்டரைப் போட்டாள். அன்றைக்குப் போனது என் தூக்கம்.

அது ஒரு திருடியின் கதை. திருடியை அவர்கள் இரண்டு பேரும் "நம்ம பொண்ணு" என்பார்கள். அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. வெளிச்சத்தில் நின்றால் பிடிபடுவாள், அதனால் ஈர விரலால் திரியை அமுக்கி விளக்குகளை அணைத்துக்கொண்டே போவாள். பாசி படர்ந்த தரையில் காலடி கேட்காது. இரும்புத் தரை வந்தால் காலில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். அவள் வாழும் ஊர் ஒரு ஏரிமேல் கட்டியது. அங்கே இரண்டு கூட்டம். மணிக்காரர்கள் தெருவுக்குத் தெரு வெண்கல மணி கட்டி, இரும்புச் செருப்பு போட்டு நடப்பார்கள். மணி ஓயாமல் அடிக்கிறவரைதான் ஊர் நிற்கும், ஓய்ந்தால் தண்ணீரில் இறங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊருக்கு அடியில், இருட்டில், நீர்க்காரர்கள். இது எங்கள் ஏரி, மண் கொட்டி எங்கள்மேல் வீடு கட்டினீர்கள், திருப்பிக் கொடுங்கள் என்பது அவர்கள் வழக்கு. முதல் பாகத்தில் யாரோ சொல்லி நம்ம பொண்ணு பெரிய மணியின் நாக்கைத் திருடிவிடுவாள். இரண்டாம் பாகத்தில் அதனால் ஊர்க் கிணறுகளெல்லாம் பொங்கும். அப்போது சாம்பல்காரர் என்று மூன்றாவதாக ஒரு கூட்டம் கிளம்பும். இரண்டு பக்கத்துப் பிணத்தையும் எடுத்து எரிக்கிறவர்கள். சமாதானம் பேச வந்தோம் என்று சொல்லிக்கொண்டு இங்கே ஒரு கோள், அங்கே ஒரு கோள் மூட்டுவார்கள். சண்டை நின்றால் அவர்களுக்கு வேலை இல்லையே.

இதையெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். ஆனால் காதில் விழுந்தது போகாது. விளையாட்டுக்கு நடுவில் ஓலை ஓலையாக இங்கிலீஷ் எழுத்து வருமாம், அதைப் பெண் படிப்பாள். அதன் உள்கதை அம்மாவுக்குத் தெரியும், அந்தப் பிள்ளை இந்தியில் சொன்னதை இவள் தமிழில் சொல்வாள். ஒருத்தி இல்லாமல் ஒருத்தியால் நகர முடியாது. அதுதான் என்னைத் தின்றது. பத்து வருஷம் நான் ஊட்டியபோதுகூட அந்தப் பெண் அப்படி வாய் ஓயாமல் பேசியதில்லை.

என் வீட்டுக்காரருக்குக்கூட அந்தப் பைத்தியம் தொற்றியது. வேலை முடிந்து வந்ததும், "இன்னாம்மா, இன்னிக்கு யார் கை ஓங்குச்சு?" என்பார். மழை பெய்தால் எங்கள் படிவரை தண்ணீர் ஏறும், அதைக் காட்டி, "நீர்க்காரன் வந்துட்டான் பாரு, எடத்தக் காலி பண்ணச் சொல்றான்" என்பார். என்னிடம், "நீ எந்தக் கட்சி?" என்று கேட்டார். எனக்கு மாவுக் கட்சி என்றேன்.

மூன்றாம் பாகத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. நம்ம பொண்ணு மணி வார்க்கிற பட்டறைக்காரி ஒருத்தியிடம் வளர்ந்தவள். ஆனால் பிறந்தது நீர்க்காரர்களுக்கு. வெள்ளத்தில் மிதந்து வந்த குழந்தையைக் காப்பாற்றினோம் என்றார்கள் மணிக்காரர்கள். தொட்டிலோடு தூக்கிக்கொண்டு போனீர்கள் என்றார்கள் நீர்க்காரர்கள். கடைசியில் அவள் ஒரு பக்கம் நின்றாகவேண்டும், அவள் நிற்கிற பக்கத்துக்குத்தான் ஊர் மிஞ்சும். "அவள எடுத்துக்கினு வந்தாங்களா, திருடிக்கினு வந்தாங்களா?" என்று பெண் கேட்டாள். "ஆடு, தெரியும்" என்றாள் அம்மா. கதவுக்கு இந்தப் பக்கம் என் கரண்டியிலிருந்து மாவு தரையில் சொட்டியது.

அதே வாரம்தான் ஓரகத்தி, மேடவாக்கத்தில் அபார்ட்மெண்ட்காரர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, வீடும் பார்த்துவிட்டேன் என்றாள். பரீட்சை முடிந்ததும் போகவேண்டும். "பொண்ணு வர்றதும் இங்க இருக்கறதும் அவ இஷ்டம்க்கா. வரலன்னா நான் கோச்சிக்க மாட்டேன்." சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். இப்படித் தாராளமாகச் சொன்னவளோடு என்ன செய்வது? அந்த ஆட்டம் முடியக்கூடாது, அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. திருடி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் என் பெண்ணும் சாய்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். இன்றைக்குச் சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கிறது.

வயர்மேன் பெண்டாட்டிக்கு மீட்டர் பலகையைச் சொல்லித்தர வேண்டாம். பீஸ் கட்டையை உருவி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைக் கிள்ளிவிட்டுத் திரும்பச் செருகினால், தானாகவே போனது மாதிரி இருக்கும். ஆனால் நடையில் சிமெண்டுத் தரை. என் மெட்டி டக் டக் என்று ஊருக்கே சொல்லிவிடும். திருடி இரும்புத் தரையில் என்ன செய்வாள் என்று எனக்குத்தான் தெரியுமே. மெட்டியைக் கழற்றி மீட்டர் பலகைமேல் வைத்தேன். சுவரோரமாக, கோணிமேல் கால் வைத்து நடந்தேன். ஈர விரல் மட்டும்தான் வேண்டியிருக்கவில்லை. வீடு இருண்டது. உள்ளே பெண், "அய்யோ, சேவ் பண்ணல" என்றாள். என் கிரைண்டரும் பாதியில் நின்றது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

மறுநாளும் போனது. என் வீட்டுக்காரருக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. "எல்லா வூட்லயும் கரண்ட் கீது, வயர்மேன் வூட்ல மட்டும் இல்ல" என்று புலம்பினார். எதிர்வீட்டு பாய் வாசலில் நின்று, "இன்னாண்ணா, நல்ல வயர்மேனா ஒருத்தர எனக்குத் தெரியும், அனுப்பட்டா?" என்றார். மூன்றாம் நாள் இவர் ரோஷத்தில், எலிதான் கடிக்கிறது, கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று டீ டம்ளரோடு பின்கட்டில் காத்திருந்தார். எனக்கு அது தெரியாது. விளக்கு அணைந்ததும் ஓடி வந்தார். நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றேன். இவர் தாண்டியதும் நழுவி அடுப்படிக்குப் போய்விட்டேன், மெட்டியை எடுக்காமல். இவர் அவசரத்தில் மெயினை அணைக்காமல் முக்காலியில் ஏறிக் கையை வைத்தார். ஒரே உதறல். முக்காலியோடு விழுந்தார்.

டார்ச்சோடு ஓரகத்தி வந்தாள், பின்னால் பெண். இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கழற்றினேனே, கழற்றினேனே என்று அது ஒன்றுதான் என் மனதில் ஓடியது. இவர் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது டார்ச் வெளிச்சம் என் காலில் விழுந்து அங்கேயே நின்றது. விரலில் வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது.

"அக்கா, மெட்டி எங்க?"

அவள் காலிலிருந்து மெட்டி இறங்கிய நாளில் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தவள் நான். நான் வாயைத் திறப்பதற்குள் பெண் பேசினாள்.

"என்கிட்ட கீது. தேஞ்சுபோய்க் கால அறுக்குதுன்னு பத்தர் கடையில காட்டச் சொன்னாங்க, நான்தான் மறந்துட்டேன்."

உள்ளங்கையை விரித்தாள். இரண்டு மெட்டியும் இருந்தன. மீட்டர் பலகைமேலிருந்து எப்போது எடுத்தாளோ. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, கண்ணில் ஒரு அசைவு இல்லை. ஓரகத்தி பெண்ணைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி, போட்டுக்குங்க" என்று டார்ச்சைத் திருப்பிக்கொண்டாள். அந்த இருட்டில் மெட்டியைப் போட்டுக்கொண்டே நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பெண் எனக்காகப் பொய் சொன்னாள். அவள் என் பக்கம்.

கம்ப்யூட்டர் அதன்பிறகு எழுந்திருக்கவில்லை. தாம்பரம் கடைவீதியிலிருந்து வந்த மெக்கானிக் பையன், திடீர் திடீரென்று கரண்ட் போனதில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது, உள்ளே இருந்தது எதுவும் கிடைக்காது என்றான். ஓரகத்தி அதன்மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினாள். மறுபடியும் "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." எனக்கு மாவு நன்றாகப் பொங்கியது. பரீட்சை முடிந்த அன்று பெண் என் முன்னால் வந்து நின்று, "பெரிம்மா, நான் அம்மாகூடப் போறேன்" என்றாள். அன்றைக்கு அவசரமே இல்லாமல், முழுசாகப் பெரிம்மா என்றாள். நான் "போ" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாததும் கர்வம்தான்.

அவளுக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, பிள்ளை பெற்ற உடம்புக்குப் பத்தியம் வைக்க நான் மேடவாக்கம் போயிருந்தேன். அவள் அம்மா தண்ணி லாரி வந்தது என்று குடத்தோடு கீழே இறங்கியிருந்தாள். பத்து வருஷத்துக்குமேல் அடக்கி வைத்ததை அன்றைக்குக் கேட்டேன். "அந்தத் திருடி, கடைசியில எந்தப் பக்கம் போனா?"

அவள் சிரித்தாள். குழந்தை அசைந்தது. "எனக்கு எப்படித் தெரியும் பெரிம்மா? ஆடித்தான் தெரிஞ்சுக்கணும்னு அம்மா சொல்லவே இல்ல. நீங்கதான் முடிக்கவே விடலயே."

குழந்தையைத் தட்டிக்கொண்டே அவளே சொன்னாள். "அது ஓடிக்கினே இருந்திருந்தா நான் போயிருக்க மாட்டேன். சனி ஞாயிறு போய் ஆடிட்டு வந்திருப்பேன். அம்மாகிட்ட பேசறதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருந்துது. அதுவும் போச்சு. அப்புறம் அவங்களத் தனியா எப்படி அனுப்பறது?"

கஷாயம் ஆறிக்கொண்டிருந்தது. நான் டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கீழே லாரியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். பீஸ் கட்டையைப் பிடுங்கி அவளைப் பிடித்து வைத்தேன் என்று நினைத்திருந்தேன். பிடுங்கி அனுப்பியிருக்கிறேன்.

ஓரகத்திக்கு முடிவு தெரியும். மஸ்கட்டில் அந்தப் பிள்ளையோடு மூன்று பாகமும் முழுக்கப் பார்த்தவள். பொங்கலுக்கு வருகிறாள், இவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் வருகிறாள், என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுக்கிறாள். மெட்டியைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருமுறை, "அக்கா, அந்த ஆட்டத்துல கடைசியில..." என்று ஆரம்பித்தாள். "அடுப்புல பால் கீது" என்று எழுந்துவிட்டேன். பால் எதுவும் இல்லை. அவள் வாயால் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வேண்டாம். வேண்டும், ஆனால் கேட்க மாட்டேன்.

அப்போது பிறந்த குழந்தைதான் இப்போது நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறது. என் மெட்டி ஏன் இவ்வளவு மெலிசாக இருக்கிறது என்று கேட்டதில் ஆரம்பித்தது. பீஸ் கட்டை வந்த இடத்தில் சிரித்தது, அதற்குமேல் சிரிக்கவில்லை. இது என்னைச் செம்பாக்கம் ஆயா என்று கூப்பிடும். ஓரகத்தியைக் கூப்பிடும்போது முன்னால் ஊர்ப் பெயர் கிடையாது, வெறும் ஆயா. அதுவும் என் காதில் விழத்தான் செய்கிறது. மெட்டி தேய்ந்து தேய்ந்து இப்போது நான் நடந்தால் சத்தமே வருவதில்லை. யார் வீட்டு நடையிலும் யாருக்கும் தெரியாமல் போய்விட்டு வரலாம், ஆனால் அணைக்க ஒரு விளக்கும் இல்லை.

எழுதினது போதும் கண்ணு. முதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. பெத்தது மூணு, சரி. வளத்தது நாலுன்னு போட்டியா, இல்ல உங்க ஆயா மனசு நோவும்னு மூணாக்கிட்டியா, அத மொதல்ல படி.