பக்கத்து சீட்டு பிரேக்

தேனியில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்தவர் ஒல்லியான மனிதர். ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பக்கமிருக்கும் இன்னொரு பிரேக்கின்மேல் வெறுங்காலை வைத்துக்கொள்வார். லைசென்ஸ் டெஸ்டில் நான் தடுமாறியபோது வண்டியை நிறுத்தியது அந்தக் கால்தான். பின்சீட்டில் இருந்த அதிகாரி கவனிக்கவில்லை.

"பாஸ் பண்ணிட்டீக டீச்சர். ஆனா பிரேக்க மிதிச்சது நான். இன்னும் பத்து நாள் வாங்க" என்றார்.

"லைசென்ஸ்தான் வந்திருச்சேண்ணே" என்றேன். பரீட்சையில் பிட்டடிக்கும் பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பும் நான், மறுபடி அவரிடம் போகவில்லை.

மறுமாதம் அனுமந்தன்பட்டி அருகே, சைக்கிளில் வந்த ஒருவரை இடித்தேன். அவருக்குக் கால் முறிந்தது. கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த என் டிரைவிங் மாஸ்டர் கட்டிலருகே கைகட்டி நின்றார்.

"தப்பு என்னோடதுங்கய்யா. டெஸ்ட்டுல பிரேக் அடிச்சது நான்."

அடிபட்டவர் என்னை விட்டுவிட்டு அவரையே முறைத்தார். அந்த நேரம் எனக்கு அது ஆறுதலாக இருந்தது.